இரும்பு முளைக்காது

ஹெட் போல்ட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி லூர்து அடுப்படியிலிருந்தே சிரித்தாள். "கல்யாணம் ஆன புதுசுலேருந்து அதைத்தான் பேசிக்கிட்டிருக்கீங்க. இப்ப எழுத வேற போறீங்களா? யாரு படிப்பா?" என்றாள். அவள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் எங்கள் மெக்கானிக் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "ஐயா, உங்க காலத்து அனுபவம் ஏதாவது எழுதித் தாங்க" என்று வந்து நின்றார்கள். என் காலமாம்! நான் என்னவோ கல்லணைக்கு மண் சுமந்தவன் மாதிரி. ஓய்வு பெற்று நாலைந்து தீபாவளிதான் ஆகிறது. இருந்தாலும் கேட்டது பிடித்துத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

தொழில் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. எஞ்சினின் கீழ்ப்பாதி பிளாக், மேல்மூடி ஹெட். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு. உள்ளே வெடிக்கிற நெருப்பும், ஓடுகிற தண்ணீரும், எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அந்தத் தகடுதான். அதை அமுக்கிப் பிடித்திருப்பவை ஹெட் போல்ட்டுகள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தாலும் எஞ்சின் படுத்துவிடும். மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில் வைத்துக் குடும்பம் நடத்துவது போன்ற வேலை என்று சொல்லலாம். லூர்துவுக்குக் கோபம் வரும், சொல்லவில்லை.

நான் தொழில் கற்றது தஞ்சாவூரில் ஒரு லாரிப் பட்டறையில். அந்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், டீ வாங்கி வந்தேன், நடுவில் தொழிலும் வந்தது. அங்கே கழற்றிய போல்ட்டையே துடைத்துத் திரும்பப் போடுவோம். கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் சில்வர் பெயிண்ட் பூசுவோம். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவு, இறுக்குகிறவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பதுதான். வண்டி திருச்சி போய்ச் சேருவதற்குள் ஆவி கக்கினால் ராசியில்லாத வண்டி என்று எலுமிச்சம்பழம் கட்டிவிடுவார்கள். பாவம், எலுமிச்சம்பழம் என்ன செய்யும்?

பிறகு கும்பகோணத்தில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கேதான் ஷாகுல் பாய் எங்களுக்கு ஃபோர்மேனாக வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். குவைத்தில் பெரிய பெரிய மிஷின்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர், அங்கே சண்டை வந்தபோது கட்டிய துணியோடு ஊர் திரும்பினார். "இனிமே கடல் தாண்டறதில்லீங்க" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டார். அப்போது டெல்டாவில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்தார்கள். மீதிப் பேர் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். வெளிநாடு பார்த்த மனிதர் மறுபடி போகாமல் இருப்பதை ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். அவர் அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

பாயிடம் எனக்குப் பிடித்தது அவர் கோபப்படுகிற விதம். சத்தமே வராது. நாம் தப்பாக ஏதாவது செய்தால் நம் கையில் இருக்கும் ஸ்பேனரை வாங்குவார், துணியால் துடைப்பார், திரும்பக் கொடுப்பார். அவ்வளவுதான். பழைய பட்டறையில் வாங்கிய அறைகள்கூட எனக்கு அப்படி உறைத்ததில்லை. டிராக்டர் கொண்டுவரும் மிராசுதாரரில் இருந்து எஞ்சின் கழுவ வரும் ஆள் வரைக்கும் எல்லோருக்கும் அவரிடம் ‘வாங்க, போங்க’தான்.

பழைய போல்ட்டைத் திரும்பப் போட மட்டும் அவர் சம்மதிக்கவே மாட்டார். ஒரு முறை நாச்சியார்கோயில் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "பழசுக்கு என்னய்யா கொறைச்சல்? கல்லு மாதிரி இருக்கு!" பாய் ஒரு கண்ணாடிப் பலகையை எடுத்து வைத்தார். அதன்மேல் பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழையது ஒரு மயிரிழை உயரமாக நின்றது.

"இது இழுபட்ட போல்ட்டுங்க. நீண்டது நீண்டதுதான், பழைய அளவுக்கு வராது. பாக்க நல்லாத்தான் இருக்கும், புடிக்காது."

பெரியவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "அட, நம்ம சொந்தக்காரப் பயலுவ மாதிரின்னு சொல்லுங்க" என்றார். பாயும் சிரித்துவிட்டார். அன்று புதிய போல்ட்டு போட்டு வண்டி போனது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கேஸ்கெட்டை வைப்பதற்கு முன்பு, போல்ட் ஒவ்வொன்றையும் பிளாக்கில் உள்ள அதன் குழியில் வெறும் விரலால் இறக்கிப் பார்ப்பார். ஸ்பேனர் கூடாது. "அது தானா எறங்கணுங்க. நீங்க எறக்கக் கூடாது" என்பார். இறங்கியதும் போல்ட்டின் தலை எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஓர் அளவுகோலை வைத்துப் பார்ப்பார். எல்லாம் ஒரே உயரம் இருந்தால்தான் அடுத்த வேலை. இத்தனை நேரம் பிடிக்கிற வேலையை வேறு எந்தப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை. வேலை வெட்டி இல்லாத மனுஷர் என்று ஆரம்பத்தில் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். வசந்தாவின் மிஷினுக்குப் பிறகு திட்டவில்லை.

வசந்தா குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துக்காரி. கணவர் கோபால் சவூதியில் டிரைவர். அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் டெல்டா திண்டாடிய நேரத்தில், வெளியூர் அறுப்பு மிஷின்கள் வந்து வயலில் இறங்குவதைப் பார்த்து, நாமே ஒன்று வாங்கினால் என்ன என்று கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு மிஷின் வந்தது. கோபாலின் அண்ணன் கலியபெருமாளுக்கு இது ஆகவே ஆகாது. "நெலம் வாங்குறத விட்டுட்டு எவனாவது தகரத்த வாங்குவானா?" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை அறுப்பு உச்சத்தில் இருந்தபோது அந்த மிஷின் களத்து ஓரத்தில் படுத்துவிட்டது. ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசி அடைத்து, எஞ்சின் கொதித்து, கேஸ்கெட் போய்விட்டது. நானும் பாயும் போய்ப் பார்த்தபோது எஞ்சின் ஆயில் டீ மாதிரி கலங்கியிருந்தது. ஹெட்டைக் கழற்றினோம், கோணியிருந்தது. கும்பகோணத்தில் லேத்துக்குக் கொண்டுபோய் மட்டம் பிடித்து வந்தால்தான் ஆகும்.

வசந்தா எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை.

"பாய், இத ஓட்டிடலாம்ல?"

"ஓட்டிடலாங்கம்மா."

"ரெண்டு போகம் ஒழுங்கா ஓடுனா போதும், அவரு வந்துடுறேன்னுருக்காரு. இவ வயித்துல இருக்கும்போது போன மனுசன். இவளுக்கு அப்பான்னா கேசட்டுல பேசுற கொரலுதான். இது ஓடலைன்னா வித்துடணும்னு அவரு அண்ணன் பெரியவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மன்னார்குடியிலேருந்து ஆள் வந்து பாத்துட்டும் போயிட்டாங்க. வித்துட்டா அவரு அங்கேயேதான் கெடக்கணும்."

பாய் மோரைக் குடிக்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் "மோரு" என்று ஞாபகப்படுத்தினேன்.

பிளாக்கின் மேல் சுத்தமான துணி போட்டு, அதற்கு மேல் தார்ப்பாய் கட்டிவிட்டு, ஹெட்டைச் சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏற்றினோம். "என்னய்யா இது, பொணம் கனம் கனக்குது?" என்றார் கண்டக்டர். "பொணம்தான் அண்ணே, உசுரு குடுக்கக் கொண்டுபோறோம்" என்றேன். அவர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு முன்னால் போய்விட்டார். லேத்தில் வேலை முடிய நேரமாகிவிட்டது. புதிய போல்ட் செட்டும் கிடைத்தது. கேஸ்கெட்தான் பிரச்சினை. டூப்ளிகேட் எல்லாக் கடையிலும் தொங்கியது. ஒரிஜினல் ஊர் முழுக்க அலசியும் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அன்று சாயங்காலம் காலம் தப்பிய மழை ஒன்று தூறிவிட்டுப் போனது.

மறுநாள் காலை போனபோது தார்ப்பாய், துணி எல்லாம் நாங்கள் கட்டிய மாதிரியே இருந்தது. வானம் இன்னும் மூட்டமாகத்தான் இருந்தது. வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. இன்னொரு மழை வந்தால் மிஷின் இறங்கவே முடியாது. வசந்தாவிடம் மிஷினுக்குச் சொல்லிவைத்திருந்த தெருக்காரர்கள் நாலைந்து பேர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கலியபெருமாளும் வந்து நின்றார். "எப்ப முடியும்? எப்ப முடியும்?" என்று ஆளாளுக்குக் கேள்வி.

எனக்குக் கை பரபரத்தது. பாய் நிதானமாகப் புதிய போல்ட்டுகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் குழியில் இறக்க ஆரம்பித்தார். நடு வரிசை சரியாக இறங்கியது. ஓர வரிசையில் ஒரு போல்ட் விரலுக்கே சுலபமாகச் சுற்றிக்கொண்டு போனது, பிறகு நின்றது. பாய் அளவுகோலை வைத்தார். மற்றவற்றைவிட இரண்டு மரை உயரம். அடுத்ததும் அப்படித்தான். வெளியே எடுத்து நுனியைப் பார்த்தார். மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார். வைக்கோல் துணுக்கு, பதர், கொஞ்சம் ஈரத் தூசி.

அந்தக் குழிகளுக்கு அடி உண்டு, மறுபக்கம் திறப்பு கிடையாது. அடியில் பதர் கிடந்தால் போல்ட் அதன் மேல் முட்டி நிற்கும். குறித்த அளவுக்கு இறுக்குகிற டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று சத்தம் கொடுத்து ‘போதும்’ என்று சொல்லிவிடும். ஆனால் போல்ட் இறுக்கியது பதரைத்தான், ஹெட்டை அல்ல. ஒரு வயல் அறுப்பதற்குள் கேஸ்கெட் மறுபடி போகும். ஒரு முறை அமுங்கிய கேஸ்கெட்டைத் திரும்பப் போட முடியாது, வேறு கேஸ்கெட்டும் இல்லை. விரலால் இறக்கிப் பார்க்கிற அந்தப் பழக்கம் மட்டும் பாய்க்கு இல்லையென்றால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

"துணி போட்டு மூடியிருந்தமே, வைக்கோலு எப்படி வந்துச்சு?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

வசந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் போட்டேன்" என்றாள். "தூறல் போடயில மேல தார்ப்பாய் இல்ல. துணி நனைஞ்சு ஒழுகுனுச்சு. அத உருவிட்டு, வைக்கோல அள்ளி, போர் போடுற மாதிரி படிய வச்சு மூடினேன். காத்தால எடுத்துட்டு நல்லாத்தான் கூட்டி விட்டேன். துணியையும் அலசிக் காயவச்சு, நீங்க கட்டுன மாதிரியே…"

"தார்ப்பாய் ஏன் இல்ல?"

கலியபெருமாள்தான் தொண்டையைச் செருமினார். "நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன், காத்தால திருப்பிக் குடுத்துட்டேன். எங் களத்துல நெல்லு கொட்டிக் கெடந்துச்சு. நனைஞ்சா நெல்லு மொளைச்சுப்புடும். இரும்பு மொளைக்கவா போவுது?"

உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் அதுவும் சரிதானே என்று தலையாட்டினார்கள். டெல்டாக்காரன் புத்தி அப்படித்தான், மழை என்றதும் கை நெல்லைத்தான் தேடும். அவர் அதோடு விட்டிருக்கலாம். "அதுக்காக எஞ்சினுக்குள்ள எவளாவது வைக்கோல அடைப்பாளா? பொம்பளைக்கு மிஷினு எதுக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிடுறேன், தள்ளிவிடச் சொல்லி" என்றார்.

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். பாய் என் கையில் இருந்த ஸ்பேனரை வாங்கித் துடைத்துத் திரும்பக் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு பாய் கலியபெருமாளைப் பார்த்து, எப்போதும் போலத்தான் பேசினார். "நீங்க சொன்னது சரிதாங்க அண்ணே, இரும்பு மொளைக்காது. ஆனா நனைஞ்சிருந்தா அந்த மழைத்தண்ணி இந்தக் குழிக்குள்ள எறங்கித் தேங்கியிருக்கும். அது தெரியாம போல்ட்ட இறுக்குனா தண்ணி எங்க போவும்? பிளாக்க வெடிக்க வச்சுடும். அப்புறம் மன்னார்குடிக்காரரு இத எடைக்குத்தான் கேப்பாரு. சிலிண்டர்ல தண்ணி எறங்கியிருந்தா துருவும் ஏறியிருக்கும். பாருங்க, பளபளன்னு இருக்கு. பதர எடுத்துடலாங்க. தங்கச்சி மூடாம இருந்திருந்தா எடுக்க ஒண்ணுமே இருந்திருக்காது."

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "என்ன வேணும் சொல்லுங்க பாய்" என்றாள்.

பாய் சொன்னது பொய்யில்லை, ஆறுதலுக்காகச் சொன்னதும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தொழில் சுத்தமான உண்மை. எனக்குத் தெரிந்த அதே உண்மைதான். ஆனால் எனக்குக் குழிக்குள் இருந்த பதர்தான் கண்ணில் பட்டது, அவருக்கு அதை மூடிய கை தெரிந்தது. இப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்க்கக் கொடுத்துவைத்ததற்கு நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்றி சொல்கிறேன். அவர் முஸ்லிம், நான் வேதக்கோயில்காரன், மாதாவுக்கு இதெல்லாம் கணக்கில்லை.

களத்தில் காற்றடிக்கிற கம்ப்ரெஸர் ஏது? பாய் ஒரு சைக்கிள் பம்பு கேட்டார். வசந்தா ஓடிப்போய் வாங்கி வந்தாள். அதன் வாயில் மெல்லிய டியூப் ஒன்றைச் செருகிக் குழியின் அடி வரைக்கும் விட்டோம். சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து ஒட்டிக்கிடந்ததை நான் சுரண்டிக் கொடுக்க வேண்டும், ஒருவர் பம்பு அடிக்க வேண்டும். பாய் பம்பைக் கொண்டுபோய்க் கலியபெருமாளிடம் நீட்டினார்.

"அண்ணே, வெவசாயம் பாத்த கை. உங்க அளவுக்கு இங்க யாருக்கும் தெம்பு கெடையாது. நீங்களே அடிங்க."

அவர் ஒரு நிமிடம் விழித்தார். தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், முடியாது என்றால் தெம்பில்லை என்று ஆகிவிடும். வேட்டியை மடித்துக் கட்டினார், துண்டைத் தலையில் சுற்றினார், அடித்தார். முதல் குழியிலிருந்து கிளம்பிய பதர் நேராக அவர் மூக்குக்குள்தான் போனது. தும்மினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. நாலைந்து குழி ஆனதும் அவருக்கே ருசி கண்டுவிட்டது. "இரு இரு, இன்னும் அடியில ஏதோ கெடக்கு" என்று எனக்கே வேலை சொன்னார். எல்லாக் குழியும் முடிந்தபோது, "அவ்வளவுதானா?" என்று கேட்டார் அந்த மனுஷர்!

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, பாய் மீண்டும் முதல் போல்ட்டிலிருந்து விரலால் இறக்கினார். இந்தத் தடவை எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. கேஸ்கெட்டை வைத்தோம். நாலு பேராக ஹெட்டைத் தூக்கி இறக்கினோம். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் போல்ட்டுகளை மாட்டினோம். பாய் ‘பிஸ்மில்லா’ என்றார், நான் சிலுவை போட்டுக்கொண்டேன், வசந்தா சூடம் கொளுத்திக் காட்டினாள். எந்தச் சாமியும் விடுபடவில்லை.

இறுக்குவது நடுவிலிருந்து தொடங்க வேண்டும். நடுப் போல்ட், அதற்கு எதிர், பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெளியே போக வேண்டும். ஒரே மூச்சில் முழு இறுக்கம் கொடுக்கக் கூடாது. முதல் சுற்றில் கொஞ்சம், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம், கடைசிச் சுற்றில் முழுசாக. பாய் அடுத்த போல்ட்டை விரலால் தொட்டுக் காட்டுவார், நான் ரெஞ்சை இழுப்பேன். அவர் உள்ளங்கை ஹெட்டின் மேலேயே இருக்கும். ‘டக்’ என்றதும் கை லேசாகத் தட்டும், அடுத்ததற்குப் போவோம். அத்தனை பேர் இருந்தும் களத்தில் அந்த ‘டக்’கைத் தவிர வேறு சத்தம் இல்லை.

ஆயிலை மாற்றினோம். ரேடியேட்டருக்கு வாய்க்கால் தண்ணீர் கூடாது என்று வசந்தாவே குடம் குடமாக அடிபம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஸ்டார்ட் செய்ததும் இரண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. கேஸ்கெட் பிடிக்கவில்லை என்றால் ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக வரும். வசந்தா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் சூடேறியது. நாங்கள் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வரல பாய். ஒண்ணுகூட வரல" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

மதியத்துக்குள் மிஷின் வயலில் இறங்கிவிட்டது. முதலில் யார் வயல் என்று பேச்சு வந்தபோது, "பெரியவரு வயல்ல வுடுங்க, அங்கதான் கதிரு ரொம்பச் சாஞ்சு கெடக்கு" என்றாள் வசந்தா. கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. மன்னார்குடி ஆள் மறுபடி வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த வருடம் தை அறுப்புக்கு முன்னால், மிஷினைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி அங்கிருந்து ஆள் வந்தது. பாய் வேறொரு எஞ்சினில் மாட்டிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் போனேன். மிஷினுக்கு அடியில் யாரோ படுத்து ரேடியேட்டர் வலையைத் துடைத்துக்கொண்டிருந்தார், இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. டிரைவர் என்று நினைத்தேன். வசந்தா வாயெல்லாம் பல்லாக, "அவருதாண்ணே. வந்துட்டாரு. இனிமே போறதில்லன்னுட்டாரு" என்றாள். அதற்குள் அந்தக் குழந்தை தட்டில் இட்லியோடு வந்தது. நன்றாக வளர்ந்திருந்தது. அந்தக் கால்களைப் பார்த்து, "அப்பா! எத்தினி தடவ கூப்புடுறது? வெளில வா, மொதல்ல கையக் கழுவு!" என்று ஒரு அதட்டல் போட்டது. மனுஷர் மறுபேச்சில்லாமல் ஊர்ந்து வெளியே வந்து கை கழுவப் போனார்.

ஒர்க்‌ஷாப் திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். கோபால் வந்துவிட்டதைச் சொன்னேன், மிஷின் நன்றாக இருப்பதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அதட்டியதைச் சொன்னதும் கையை நிறுத்தினார்.

"அதட்டுச்சா?"

"ஆமா பாய். அந்த ஆளு நடுங்கிப்போயி ஓடுறாரு."

பாய் சிரித்தார். பிறகு பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எம் மவளுக்கும் அப்ப அந்த வயசுதாங்க. குவைத்திலேருந்து மொத லீவுல வந்து பெட்டியோட வாசல்ல நிக்கிறேன். கதவத் தொறந்தா. என்னைப் பாத்துட்டு உள்ள திரும்பி, ‘அம்மா, யாரோ வந்துருக்காங்க’ன்னா." கையில் இருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். "இப்ப அவளுக்கே புள்ள இருக்கு. தங்கமான பொண்ணு. ‘அத்தா, அத்தா’ன்னு மரியாதையாப் பேசுவா. இந்த நாள் வரைக்கும் என்னை ஒரு தடவ அதட்டுனதில்லீங்க."

நான் இன்னொரு டயரை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பாப்பா என்ன சொல்லுச்சு? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

"‘அப்பா, எத்தினி தடவ கூப்புடுறது, வெளில வா, மொதல்ல கையக் கழுவு’ன்னுச்சு பாய்."

"நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்.